நீலக் காகிதத்தில் சுற்றிய பஞ்சு

மூச்சு வருகிறது. வந்து, நடுவில் ஓரிடத்தில் தட்டி, அப்புறம் மனசில்லாமல் வெளியே போகிறது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் தூங்குகிறார், இந்தப் பக்கம் சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், என் முன்னால் அவருடைய வேப், சிகரெட்டுக்குப் பதிலாக அவர் இழுக்கிற மின்சாரக் குழல், அக்கு அக்காகக் கழற்றிக் கிடக்கிறது. கம்பிச் சுருள் இருக்கிறது, ஜூஸ் பாட்டில் இருக்கிறது, சுருளுக்குள் கோக்கப் பஞ்சுதான் இல்லை. மழை வரப் பார்க்கிறது. கிள்ளானில் மத்தியான மழை என்றால் அவருக்குத் தூக்கம் நன்றாக வரும், வரட்டும், இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும், எழுந்தால் முகம் கழுவுவார், சட்டையை மாட்டுவார், கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்பார். அந்த நடை எங்கே போய் நிற்கும் என்று எனக்கா தெரியாது. தெருமுனைப் பெட்ரோல் நிலையம், கல்லாவுக்குப் பின்னால் கதவு போட்ட அலமாரி, அதற்குள்ளே சிகரெட். ஹரி ராயா, நோன்புப் பெருநாள், அதற்கு ஊரே கடையைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறது. வேப் கடை ஹஃபீஸ் பெண்டாட்டி பிள்ளையோடு சொந்த ஊர் கிளந்தானுக்குப் போய்விட்டான், அவன் கடைக் கதவில் சிரிக்கும் பிறை நிலாப் படம் ஒட்டியிருக்கிறது. திறந்திருப்பது அந்தப் பெட்ரோல் நிலையம் ஒன்றுதான். காலையில் நான் பூக்கடையிலிருந்து வரும்போதே கருகிய நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது. ஜூஸ் தீர்ந்தது தெரியாமல் இழுத்திருக்கிறார், கடைசிப் பஞ்சு கருகிப்போய்விட்டது. இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார். பஞ்சுப் பொட்டலத்தைத் தலைகீழாகத் தட்டிக் காட்டினார், ஏதோ நான்தான் எடுத்துத் தின்றுவிட்டதுபோல. சாப்பிடும்போது இடது கை விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. அந்தத் தாளம் எனக்குப் பழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இப்படித்தான் தட்டினார், தட்டித் தட்டி ஒரு நாள் எழுந்து போயும் விட்டார், நான் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடி நடுத்தெருவில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டுச் சீனக் கிழவி வேடிக்கை பார்த்தாள். பார்க்கட்டும். அதற்கப்புறம்தான் ஹஃபீஸ் கடைக்குப் போனோம்.

இந்த வேலை என் தலையில் விழுந்தது அவருடைய விரலால். கண்டெய்னர் லாரி ஓட்டின காலத்தில் கதவு சாத்தும்போது வலது கையில் ரெண்டு விரல் மாட்டிக்கொண்டது, அன்றைக்கு மடங்காமல் போனவை இன்றைக்கும் மடங்கவில்லை. ஹஃபீஸ் சின்னச் சுருளுக்குள் பஞ்சைக் கோத்துக் காட்டினான், இவர் முயன்றார், பஞ்சு பிய்ந்து மேசையெல்லாம் பறந்தது. ஆன்ட்டி, நீங்க பூ கட்டுறவங்கதானே, நீங்க செய்யுங்க என்று அவன் மலாயில் சொன்னான். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இது விளக்கு. திரி இருக்கிறது, எண்ணெய்க்குப் பதிலாக மாம்பழ வாசனை ஜூஸ் இருக்கிறது, சூட்டுக்குக் கம்பி. எரியக் கூடாத விளக்கு, அவ்வளவுதான். பஞ்சை இறுக்கினால் ஜூஸ் ஏறாது, தளர விட்டால் ஒழுகும், அதற்கு நடுவில் ஒரு பதம் உண்டு, அது முல்லையை நாரில் முடிகிற பதம்தான். ஆனால் முல்லை சரியாக முடியாவிட்டால் உதிரும், இன்னொரு சரம் கட்டலாம். இங்கே ஒன்று தப்பினால் அது அவர் நெஞ்சுக்குள் போகிறது. புற்றுநோய் என்று வலது பக்க நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். தைத்த தழும்பு முதுகிலிருந்து அக்குளுக்குக் கீழே வரைக்கும் வளைந்து வருகிறது, அவர் குளித்துவிட்டுத் துண்டோடு வரும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார், ரெண்டுமே வேண்டாம் என்றுதான் சொல்வேன், வேப்பும் நல்லதில்லை, அது என்ன செய்யும் என்று முழுசாக யாருக்கும் தெரியாது, ஆனால் மறுபடி சிகரெட் பிடித்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும் என்று. இவர் முதல் பாதியைக் காதில் வாங்கவே இல்லை. நான் ரெண்டு பாதியையும் வாங்கிக்கொண்டு வந்தேன், அன்றிலிருந்து ரெண்டும் மாறி மாறிக் கேட்கின்றன. ஒன்றைத் தடுக்க இன்னொன்றைக் கொடுக்கிறேன். கொடுக்கிற கை என் கை. பஞ்சைத் திரிக்கிறதும் இதே கை.

சாமி மாடத்தில் பஞ்சுத் திரி கட்டுக்கட்டாக இருக்கிறது. மத்தியானம் முதலில் அதுதான் கண்ணில் பட்டது. பஞ்சு பஞ்சுதானே, சாமிக்கு ஏற்றுவது சுத்தமாகத்தான் இருக்கும் என்று ஒன்றை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். நல்லவேளை, ஹஃபீஸ் சொன்னது ஞாபகம் வந்தது. எந்தப் பஞ்சானாலும் கொஞ்சம் கொளுத்திப் பாருங்க ஆன்ட்டி, சாம்பலாப் போனா பஞ்சு, உருகி உருண்டையானா பிளாஸ்டிக். அடுப்படியில் தட்டு வைத்துக் கொளுத்தினேன். உருகி, கறுத்து, கடுகு மாதிரி கெட்டியாக ஒட்டிக்கொண்டது. நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், பிளாஸ்டிக்தான். இத்தனை வெள்ளிக்கிழமையும் இதைத்தான் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. சாமிக்கு என்ன, நுரையீரலா இருக்கிறது. மகள் மாலினி விட்டுப்போன முகம் துடைக்கிற வட்டப் பஞ்சையும் கொளுத்தினேன், அது பாதி சாம்பல், பாதி உருண்டை. கல்யாணம் கட்டி ஜொகூருக்குப் போன பெண் போகும்போது விட்டுவிட்டுப் போனது இதுதான், அதிலும் கலப்படம். அப்புறம் தலையணை. அவர் தலைக்கு வைத்திருக்கும் இலவம்பஞ்சுத் தலையணைக்கு ஜோடி ஒன்று அலமாரியில் இருக்கிறது, அதன் ஓரத்தைப் பிரித்துக் கொஞ்சம் எடுத்தேன். மரத்தில் காய்த்த பஞ்சு, இதில் யார் போய்ப் பிளாஸ்டிக்கைக் கலக்கப்போகிறார்கள். கொளுத்தினால் பொசுக்கென்று சாம்பலானது, மனசு குளிர்ந்தது. ஒரு சொட்டு ஜூஸ் விட்டேன். சொட்டு அதன்மேல் முத்தாக நின்றது. உள்ளே இறங்கமாட்டேன் என்கிறது. விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஜூஸை உறிஞ்சாத பஞ்சைக் கம்பிக்குள் வைத்தால் அது காய்ந்தபடியே கிடந்து கருகும், காலையில் இருமினாரே அதே இருமல். என் கைப் பையில் வாழைநார் எப்போதும் இருக்கும், அதையும் விடவில்லை, நனைத்துப் பார்த்தேன், விறைத்துக்கொண்டு நிற்கிறது. பூவைப் பிடிக்கத்தான் அது லாயக்கு. உள்ளே மூச்சு தட்டியது, சத்தமே இல்லை, நான் எழுந்து பாதி தூரம் போய்விட்டேன், மறுபடி வந்தது. அவருக்கு இது வழக்கம்தான். எனக்குத்தான் இன்னும் வழக்கமாகவில்லை.

அப்புறம் செய்ததை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. மாடத்தின் கீழ்த்தட்டில் ஒரு சின்னப் பொட்டலம், தைப்பூசத்துக்குப் பத்துமலை போனபோது வாங்கியது, வெள்ளெருக்கு நார்த் திரி. வீட்டில் பிடித்த பீடையெல்லாம் ஓடும், நோய் நொடி அண்டாது என்று கடைக்காரர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு ஆபரேஷன் ஆன புதிது, யார் எதைச் சொன்னாலும் வாங்குவேன். கொளுத்திப் பார்த்தேன், சுத்தமான சாம்பல். நனைத்துப் பார்த்தேன், ஜூஸ் விறுவிறுவென்று ஏறியது. பார்த்தீர்களா, சாமி வழி விட்டுவிட்டார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாரைப் பிரித்து, மெல்லிசாகத் திரித்து, சுருளுக்குள் கோத்து, ரெண்டு பக்க வாலையும் நறுக்கி உள்ளே மடித்து, ஜூஸும் விட்டாயிற்று. இனி மூடியைத் திருக வேண்டும், அவர் எழுந்ததும் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மூடியைத் தேடும்போது வலது கண் அரித்தது. விரலைக் கண்ணுக்குக் கொண்டு போனேன். கை பாதியில் தானாக நின்றது. அது நானாக நிறுத்தியது இல்லை, பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை கட்டிக் கட்டிக் கைக்கு வந்த பழக்கம். எருக்கைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது. கடையில் சேர்ந்த வருஷம் யாரும் சொல்லித் தரவில்லை, காம்பு ஒடித்த கையோடு கண்ணைத் தேய்த்துவிட்டேன், பால் பட்ட கண் வீங்கி மூடிக்கொண்டது, ஒரு வாரம் உலகமே பால் ஊற்றினாற்போலத் தெரிந்தது. முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டார், அது விஷம்டி, பிள்ளையார் தாங்குவாரு, நீ தாங்குவியா. அதே எருக்கு. அதன் நார். அதைச் சூடாக்கி, புகையாக்கி, அவரிடம் மிச்சம் இருக்கிற நுரையீரலுக்குள் அனுப்பப் பார்த்தேன், அதுவும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு. காய்ந்த நாரில் பால் இருக்குமா, இருக்காதா, ஒன்றும் செய்யாமலே போயிருக்குமா, எனக்குத் தெரியாது. இயற்கையானது, இயற்கையானது என்றே நினைத்துக்கொண்டு வந்தேன், எருக்கும் இயற்கைதானே, பாம்பும் இயற்கைதானே. பிடுங்கிக் குப்பையில் போட்டேன். சுருளையும் ஜூஸ் விட்ட கிண்ணத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். நல்ல வேலைக்காரிதான் நான், பூங்காவனத்துக்குக் கை சுத்தம் என்று கடையில் பேர் வேறு.

மாலினிக்குப் போன் போட்டேன், மெதுவாகத்தான் பேசினேன். அவளுக்கு அப்பா வேப் இழுப்பதும் பிடிக்காது, அதை நான் தயார் செய்து கொடுப்பது அதைவிடப் பிடிக்காது. முதலில் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அப்புறம் எங்கேயோ தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள், வேற எதுவும் வேணாம்மா, கலப்பில்லாத பருத்திப் பஞ்சுதான் எல்லாரும் போடுறாங்க, ஆஸ்பத்திரிப் பஞ்சு இருந்தா ஓகே லா, நல்லா கொதிக்க வெச்சி அலசி காய வெச்சிக்கோ. அப்பாவுக்குக் காயம் கட்ட வாங்கினோமே, அது மிச்சம் இருக்கும் பாரு என்றாள். இருக்கிறது. இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. மத்தியானத்திலிருந்து மாடத்தைத் துழாவுகிறேன், தலையணையைக் கிழிக்கிறேன், குப்பைக்குப் போகவேண்டிய நாரையெல்லாம் திரிக்கிறேன், அந்த ஒரு அலமாரிக் கதவை மட்டும் திறக்கவில்லை. நீலக் காகிதத்தில் சுற்றிய உருளை. அவருக்குக் கட்டுப் போடும்போதே அதை நான் தொடமாட்டேன், தாதி வந்து செய்வாள், நான் வெந்நீர் கொண்டு வருவேன். காரணம் யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய அண்ணன் சன்னாசி இறந்தபோது, அவருக்கும் இதே நோய், இதே பக்கம், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்து கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் பஞ்சு வைக்க வேண்டும். வைக்கப் போன ஆளுக்குக் கை ஒத்துழைக்கவில்லை, ரெண்டு தரம் வைத்தும் நழுவி விழுந்தது. பூங்காவனத்துக்கிட்ட குடுங்க, அதுக்குக் கை பக்குவம் என்று யாரோ சொன்னார்கள். பக்குவம். நீலக் காகிதத்தைப் பிரித்து, ரெண்டு துண்டு கிள்ளி, மொட்டு மாதிரி உருட்டி, மூத்தாரின் மூக்கில் வைத்தேன். ரொம்ப இறுக்கமில்லை, தளர்வுமில்லை. தலைமாட்டில் இவர் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்து நிமிர்ந்தபோது ஆளைக் காணோம். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால், வாழை மரத்தடியில் அழுதுகொண்டே சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அதே மாதிரி உருளை என் முன்னால் இருக்கிறது. கொளுத்திப் பார்த்தேன், சாம்பல், ஊதினால் பறக்கிற சாம்பல், உருண்டை இல்லை, நாற்றம் இல்லை. மாலினி சொன்னதுதான் சரி, இதைவிட நல்லது இந்த வீட்டில் இல்லை. ஒரு துண்டு கிள்ளவேண்டும். கிள்ளுகிற அளவுகூட அதே அளவு. கொதிக்கிற தண்ணீரில் போட்டேன், கரண்டியால் அமுக்கினேன், அது மேலே மேலே வந்தது, மறுபடி அமுக்கினேன். அலசி, துண்டில் ஒற்றி, விசிறிக்குக் கீழே விரித்து வைத்தேன். மழை பிடித்துவிட்டது, தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் அவருடைய மூச்சு கேட்கவில்லை, எழுந்து போய்த் திரையை விலக்கிப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. நெஞ்சு ஏறுகிறது, இடது பக்கம் கூட, வலது பக்கம் குறைய. இந்த மனுஷன் இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது. சண்டை போட்டிருக்கிறேன், அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறேன், செத்துத் தொலையேன் என்றுகூட ஒரு தரம் வாய் தவறிச் சொல்லியிருக்கிறேன், ஆனால் இந்த மூச்சுச் சத்தம் இல்லாத வீட்டில் எந்தப் பக்கம் படுப்பேன் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பஞ்சு காய்ந்திருந்தது. மெல்லிசாக நீட்டி, நுனியை முறுக்கி, சுருளுக்குள் விட்டு இழுத்தேன். கம்பி சுருண்ட அந்தச் சின்ன ஓட்டைக்குள் அது நுழையும்போது கண்ணை மூடிக்கொண்டேன். வாலை நறுக்கினேன், மடித்தேன், ஜூஸ் விட்டேன், வெள்ளைப் பஞ்சு மஞ்சளாக மெல்ல நனைந்தது. மூடியைத் திருகினேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எருக்கம் நாரைக் கோத்தபோதும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கண் அரிக்கிற வரைக்கும். சோறு வெந்ததா என்று நான்தான் ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்க்கிறேன், குழம்பில் உப்பு பார்ப்பது நான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் மாத்திரையின் கசப்பைக்கூட நாக்கில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இதை மட்டும் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது. இத்தனை நாள் எப்படிக் கொடுத்தேன். என் ஆயுசில் நான் புகை பிடித்ததில்லை. வாயில் வைத்தேன். பட்டனை அழுத்தினேன். உள்ளே சின்னதாக ஒரு சீறல், அப்புறம் மாம்பழம், அது மாம்பழம்கூட இல்லை, யாரோ மாம்பழத்தைப் பற்றிச் சொன்னது மாதிரி. தொண்டையில் சூடு இறங்கியது, நெஞ்சில் எங்கேயோ போய் உட்கார்ந்தது. பஞ்சுக்குள் புகுந்து வருகிற மூச்சு. மூத்தாரின் முகம் வந்தது, நான் அடைத்த அந்த மூக்கு, எனக்கு இருமல் வெடித்தது, வாயிலும் மூக்கிலும் புகை, கண்ணில் தண்ணீர்.

தலை நிமிர்ந்தபோது திரையைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். கைலியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறார். தூக்கம் போன முகம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என்னை இப்படிப் பார்த்ததில்லை, நானும் அவரை இப்படிப் பயந்து பார்த்ததில்லை.

"என்ன பண்ற நீ?"

"பஞ்சு மாத்தினேன். சரியா இருக்கான்னு பாத்தேன்."

"அதுக்கு நீ ஏன் இழுத்த? உனக்கு ஏதாச்சும் ஆனா?"

எனக்குச் சிரிப்பு வருகிறது, அழுகையும் சேர்ந்தே வருகிறது. எனக்கு ஏதாவது ஆனாலாம். டாக்டரம்மா சொன்ன முதல் பாதி இப்போதுதான் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது போல.

"இனிமே இப்படித்தாங்க. ஒவ்வொரு தடவையும் நான் இழுத்துப் பாத்துட்டுத்தான் உங்க கையில குடுப்பேன்."

அவர் நாற்காலியை இழுத்து எதிரே உட்காருகிறார். இடது கை வேப்புக்காக நீள்கிறது, அந்தக் கைக்கு வேறு தெரியாது, பாவம். பாதி வழியில் மேசையில் இருக்கிற நீலக் காகிதம் அவர் கண்ணில் படுகிறது. கை அங்கேயே நிற்கிறது. அவர் உருளையைப் பார்க்கிறார், அப்புறம் என் விரலைப் பார்க்கிறார், அன்றைக்குத் தலைமாட்டில் நின்று பார்த்த அதே பார்வை.

"அண்ணனுக்கு வெச்சியே. அந்தப் பஞ்சா?"

"அந்த உருளை இல்லங்க. அதே பஞ்சு."

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. வேப்பை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறேன், எடுத்தால் எடுக்கட்டும், வேண்டாம் என்றும் சொல்லவில்லை, இந்தாங்க என்றும் சொல்லவில்லை. மழை விட்டுவிட்டது. பெட்ரோல் நிலையத்துக்குப் போகிற தெரு ஜன்னல் வழியாக ஈரமாகத் தெரிகிறது, அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மடங்காத அந்த ரெண்டு விரலைத் தூக்கித் தன் மூக்கை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார், ஒரு பக்கம், அப்புறம் இன்னொரு பக்கம். மூச்சை உள்ளே இழுக்கிறார். அது வருகிறது, நடுவில் தட்டுகிறது, போகிறது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.